கொள்ளைநோயும் நிறத்துவேஷமும்

மயிலாப்பூர் லஸ்ஸில், வி. கிருஷ்ணசுவாமி ஐயர் தோற்றுவித்த ரானடே நூல்நிலையத்தின் மாடியிலுள்ள சாஸ்திரி ஹாலில் அமர்ந்து கச்சேரி கேட்கும் ரசிகர்களில் பலர், அந்தப் பெயருக்குரிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், 1927 முதல் 1929 வரை இந்திய சர்க்காரின் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்காவில் இருந்து, அங்கே குடியேறிய நம்மவரின் மானத்துக்காக வாதாடியவர் என்பதை அறிந்திருக்கமாட்டார்கள். அவர் எதிர்நின்ற நிறத்துவேஷம், கொள்ளைநோயைச் சாக்கிட்டுச் சட்டமாகவே வேரூன்றிய வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்குண்டு.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது முதலாக, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கருமே. அவர்கள் படும் அவமானங்களைக் காந்தியடிகள் 1896 அக்டோபர் 26ஆம் தேதி பச்சையப்பன் மண்டபத்தில் எடுத்துரைத்தார். வெள்ளை எஜமானனிடம் அடிபட்டுப் பல் உடைந்து, ரத்தம் ஒழுகும் வாயோடு தம்மிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளியின் கதையே சென்னைவாசிகளை அத்தனை தூரம் உருக்கிற்று என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். அவர் இதே பொருளில் வெளியிட்டிருந்த பச்சை அட்டைப் பிரசுரத்தின் சாரத்தை ராய்ட்டர் நிறுவனம் திரித்துத் தந்தியடித்ததால், நேட்டால் வெள்ளையர் கொதித்தெழுந்தனர்.

அச்சமயம் பம்பாயில் பிளேக் பரவியிருந்தது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. டிசம்பர் 18ஆம் தேதி டர்பன் வந்துசேர்ந்த 'கோர்லாண்ட்', 'நாதேரி' என்னும் இரு கப்பல்களில், வியாதி கண்டவர் ஒருவரும் இல்லாதிருந்தும், பிரயாணிகளை இறங்கவிடாமல் தடுத்தனர். அவர்களுடைய பாய்களும் கூடைகளும் பழந்துணிகளும் கொளுத்தப்பட்டன. திரும்பிப் போகாவிட்டால் கடலில் தள்ளுவோம் என்ற மிரட்டலும் கரையிலிருந்து வந்தது. அவற்றில் ஒன்றில் திரும்பி வந்து ஜனவரி 13ஆம் தேதி கரையேறிய காந்தியைக் கூட்டம் அடித்து வீழ்த்திற்று. அதைவிடக் கொடிய அடி சட்டமாக விழுந்தது: 1897இல் நேட்டால் அரசாங்கம், நோய்த்தடுப்புச் சட்டத்தைத் திருத்தியதோடு, ஐரோப்பிய மொழி அறிந்தவரையே அனுமதிக்கும் குடியேற்றச் சட்டத்தையும், இந்திய வர்த்தகரை ஒடுக்கும் உரிமச் சட்டத்தையும் அடுத்தடுத்து இயற்றியது. முதலாவது நோயைச் சொல்லிற்று. மற்றவற்றுக்கு அந்தச் சாக்குகூடத் தேவைப்படவில்லை.

1904 மார்ச்சில் ஜோகானஸ்பர்க்கில் நுரையீரல் பிளேக் தோன்றியபோதும் இதே கதைதான். இந்தியர் வாழ்ந்த சேரியை நகரசபையே முந்திய ஆண்டில் கையகப்படுத்திக்கொண்டு, குடியிருந்தோரை வெளியேற்றாமலும் குப்பையை அகற்றாமலும் ஜனநெருக்கம் பெருக விட்டிருந்தது. வரப்போகும் ஆபத்தைப் பற்றிக் காந்தி பிப்ரவரியிலேயே சுகாதார அதிகாரிக்கு எழுதியும் பயனில்லை. நோய் வந்ததும், அசுத்தம் அம்மக்களின் பிறவிக்குணம் என்று பழி சுமத்தி, அவர்களைக் கிளிப்ஸ்ப்ரூயிட் என்ற வெளியில் கூடாரங்களில் குடியேற்றி, சேரிக்குத் தீ வைத்துவிட்டார்கள். அசிரத்தை செய்தவன் நீதிபதியாகவும் அதற்கு இரையானவன் குற்றவாளியாகவும் மாறிய அந்த அநியாயம் இன்று படித்தாலும் நெஞ்சைச் சுடுகிறது.

இவ்வளவையும் அனுபவித்த ஜனங்களின் இனத்தவரான நாம், 2020இல் எப்படி நடந்துகொண்டோம்? நாகாலாந்து, மணிப்பூர் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உணவகங்களிலும் அழகு நிலையங்களிலும் உழைத்துப் பிழைக்கும் இளைஞர்களைக் கண்ணின் வடிவைக் கொண்டே நோயோடு முடிச்சுப்போட்டு, 'கொரோனா' என்று கூவும் இழிசெயல் நாடெங்கும் நடந்தது. மைசூரில் ஒரு கடையில் நாகா மாணவர்களுக்கு அரிசி பருப்பு கூட விற்க மறுத்தார்கள். வடகிழக்கு மக்களைத் துன்புறுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 21ஆம் தேதி எல்லா மாநிலங்களுக்கும் எழுத வேண்டி வந்தது. மே மாதத்தில் சென்னையிலிருந்து மணிப்பூரின் ஜிரிபாமுக்குப் புறப்பட்ட சிறப்பு ரயிலில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பினர். அவர்களில் பலர் மீண்டும் நம்மிடமே வந்து உழைக்கிறார்கள். அந்நாட்களில் அவர்கள் கேட்க நேர்ந்த சொற்களுக்காக நாம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.