தாழ்ந்த சுரம் தலையெடுத்த வரலாறு

இசையில் ஒலி இயங்கும் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர் பண்டைத் தமிழர். தாழ்ந்த சுரங்கள் உலவும் நிலைக்கு அவர்கள் மெலிவு என்று பெயரிட்டது கருதத்தக்கது. தாழ்ந்த சுரம் செவிக்கு மெலிந்தே கேட்கும் என்பது அனுபவத்தால் கண்ட உண்மை. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் இதனை அளந்தே காட்டினர். ஒரே வன்மையுடன் எழுப்பப்பட்ட இரு ஒலிகளுள் நடுத்தரச் சுரம் தெளிவாகக் கேட்கும். மிகத் தாழ்ந்த சுரமோ கேட்டும் கேளாததுபோல் நின்றுவிடும். இரண்டையும் ஒத்து ஒலிக்கச் செய்ய வேண்டுமாயின், தாழ்ந்த சுரத்திற்குப் பன்மடங்கு ஆற்றலை ஊட்ட வேண்டும்.

இந்தக் குறையோடு போராடாத இசைமரபு இல்லை. நம் மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு அமரும்முன் தொப்பியின் நடுவே ரவையைப் பிசைந்து அப்புகிறார். அப்பசையின் கனத்தால் தோலின் அதிர்வு தாழ்ந்து, கும்மென்ற நாதம் பிறக்கிறது. மேனாட்டார் ஆளுயர டபுள் பாஸ் என்னும் பெருவயலினைச் செய்து நிறுத்தினர். கருவியின் உடலைப் பெருக்கியும், தோலின் கனத்தைக் கூட்டியும் மெலிவுக்கு வலிவு தேடிய முயற்சிகள் இவை.

மின்சாரம் வந்தவுடன் இக்குறை தீர்ந்துவிடவில்லை. இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு வட்டத்தில் உள்ள ஏலப்பாறையை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அந்த மலையூரிலும் அதனையொத்த பிற ஊர்களிலும், லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்க்குத் திரைப்பாடல் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. ஒன்று, சிறிய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி. மற்றொன்று, திருவிழாவிலும் திருமண வீட்டிலும் கம்பத்தின் உச்சியில் கட்டப்பட்ட ‘ரேடியோக் குழாய்’. அக்குழாய் பாடகரின் குரலைச் சரிவுகள் தாண்டி அடுத்த தோட்டத்துக்கும் கொண்டுசெல்லும். எனினும், அதன் கூம்பு குறுகியதாதலின், ஏறத்தாழ வினாடிக்கு 300 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அது பெரும்பாலும் விழுங்கிவிடும். பாஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியோ வினாடிக்கு 41 தடவையே அதிர்கிறது. ஆகவே பாடலின் அடித்தளம் மலையேறி வரும் வழியிலேயே உதிர்ந்துபோயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

இந்த அடித்தள ஒலியைக் கேட்கச் செய்வதற்காக ஒருவர் நடத்திய போராட்டத்தையும், அவருடைய நாதத்தை ஆம்ப்ளிஃபயர்களாலும் ஒலிமாற்றுக் கருவிகளாலும் மீண்டும் படைக்கப் பிறர் செய்யும் முயற்சியையும் பற்றி இங்கே சில சொல்ல விரும்புகிறோம். அவர் இங்கிலாந்தின் ‘தி ஹூ’ என்னும் ராக் இசைக்குழுவைச் சேர்ந்த ஜான் என்ட்விசில். 1944ஆம் ஆண்டு லண்டனின் மேற்குப் பகுதியில் பிறந்தவர். இளமையில் பிரெஞ்சு ஹார்ன் முதலிய ஊதுகருவிகளைப் பயின்றவர். சிலகாலம் அரசாங்க வரி அலுவலகத்தில் எழுத்தராகவும் பணிபுரிந்தவர்.

அவர் கையிலெடுத்த கருவிக்கு அப்போது வயது மிகக் குறைவு. 1930களில் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் மின்சாரப் பாஸ் கருவி ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. 1951ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் லியோ பெண்டர் ‘பிரிசிஷன் பாஸ்’ என்னும் கருவியை வெளியிட்டார். டபுள் பாஸைச் சுமக்கும் தொல்லை அதனால் நீங்கியது. கழுத்தில் மெட்டுகள் பதிக்கப்பட்டிருந்தமையால் சுரம் துல்லியமாக விழுந்தது. பெயரின் பொருளும் அதுவே. ஆயினும் அக்காலத்துத் தந்திகள் தட்டையான உலோக நாடா சுற்றப்பட்டவை. அவற்றிலிருந்து எழுந்த ஒலி உருண்டையாக, இதமாக, பின்னணியில் அடங்கி நின்றது. பாஸ் வாசிப்பவர் மேடையின் ஓரத்தில் நிற்பதும் வழக்கமாயிற்று.

தி ஹூ குழுவில் அவ்வாறு அடங்கி நிற்க இடமில்லை. அதில் வாத்தியக்காரர் மூவரே. பீட் டவுன்செண்ட் கிட்டாரை முழக்கினார். கீத் மூன் இடைவிடாது முரசுகளை அதிரச் செய்தார். இருவருக்குமிடையே தம் குரலும் கேட்க வேண்டுமாயின், என்ட்விசில் புதுவழி காண வேண்டியிருந்தது. 1965இல் வெளிவந்த ‘மை ஜெனரேஷன்’ என்னும் பாடலில் பாஸ் கிட்டார் தனித்து முன்வந்து பேசியது. அதற்காக அவர் முதலில் தேர்ந்தது டேன்எலக்ட்ரோ என்னும் கருவி; அதன் மெல்லிய தந்திகள் கணீரென ஒலித்தன. தந்தி அறுந்தபோது மாற்றுத் தந்தி லண்டனில் கிடைக்கவில்லை. தந்திக்காகவே மறுபடியும் புதுக்கருவி வாங்க நேர்ந்ததென்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். இறுதியில் பெண்டர் கருவி ஒன்றைக் கொண்டே பதிவு முடிந்தது. தேடிய ஒலி எதுவென்பது மட்டும் அவர் மனத்தில் தெளிவாகிவிட்டது.

அடுத்த ஆண்டில், அதாவது 1966இல், ரோட்டோசவுண்ட் என்னும் தந்தித் தொழிற்சாலையின் ஜேம்ஸ் ஹௌவுடன் கலந்து, நாடாவுக்குப் பதிலாக உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகளை அவர் உருவாக்கச் செய்தார். பியானோவின் அடித்தந்திபோல் அவை முழங்கின. இந்த மாற்றத்தின் சிறப்பை நம் தம்புராவைக் கொண்டு எளிதில் விளக்கலாம். தம்புராவின் குதிரைமேல் தந்திக்கடியில் ஒரு மெல்லிய நூலைச் செருகுகிறோம். நூல் தன் இடத்தில் அமைந்தவுடன், அதுவரை மந்தமாக இருந்த தந்தி ரீங்காரமிட்டு, தன்னுள் அடங்கிய மேற்சுரங்களையெல்லாம் வெளியே கொண்டு வருகிறது. தம்புராவுக்கு ஜீவன் வந்துவிட்டது என்கிறோம். என்ட்விசில் தேடியதும் இத்தகைய ஜீவனையே. ஒரு தந்தி 41 அதிர்வில் ஒலிக்கும்போது 82, 123, 164 என மேன்மேலும் பல அதிர்வுகள் உடன் பிறக்கின்றன. அடிப்படை அதிர்வு செவிக்கு எட்டாவிடினும், இம்மேற்சுரங்களின் ஒழுங்கிலிருந்து மூளை அந்தத் தாழ்ந்த சுரத்தை ஊகித்து உணர்ந்துகொள்ளும். சின்னஞ்சிறு வானொலிப் பெட்டியிலும் சில பாஸ் கிட்டார்களின் நடை தெளிவாக விளங்குவதன் இரகசியம் இதுதான்.

தந்திக்கு அடுத்தது ஆம்ப்ளிஃபயர். லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்னும் டிரம்ஸ் ஆசிரியர் ஓர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்காவிலிருந்து வரும் பெண்டர் ஆம்ப்ளிஃபயர்களின் விலை இளைஞர்க்கு எட்டாதிருக்கக் கண்டு, பெண்டரின் ‘பாஸ்மேன்’ அமைப்பைப் பின்பற்றி, கென் பிரான், டட்லி கிரேவன் என்போர் துணையுடன் 1962இல் ஒரு கருவியை அவர் செய்வித்தார். மின்சுற்று ஏறத்தாழ அதுவே. எனினும் உள்ளே விரைவில் இடம்பெற்றவை பிரிட்டிஷ் வால்வுகள். ஒலிபெருக்கிகளும் உள்நாட்டுச் செலஸ்டியன். பெண்டரின் ஒலியை மீண்டும் படைக்க முயன்றார்கள். பிறந்ததோ மார்ஷல் என்னும் வேறோர் ஒலி. மொழிபெயர்ப்பை அன்றாடத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் வியப்பில்லை. ஒரு வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் பெயர்த்து வைத்தபின்னரும், மறுமொழியின் மண்வாசனை அதில் ஏறிவிடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

நான்கு 12 அங்குல ஒலிபெருக்கிகள் கொண்ட மார்ஷல் பெட்டிகளை முதலில் வாங்கியோருள் என்ட்விசிலும் ஒருவர். அவர் ஒலி மிகுந்ததும் டவுன்செண்டும் வாங்கினார். ஒருவரையொருவர் மிஞ்சும் இப்போட்டியிலிருந்தே, 1965இல், நூறு வாட் ஆற்றலுள்ள ஆம்ப்ளிஃபயர் பிறந்தது. பின்னர் என்ட்விசில் இன்னொரு நுட்பத்தைக் கையாண்டார். கருவியிலிருந்து வரும் ஒலியை இரண்டாகப் பிரித்து, தாழ்ந்த பகுதியை ஒரு ஆம்ப்ளிஃபயருக்கும் உயர்ந்த பகுதியை மற்றொன்றுக்கும் செலுத்தினார். தாழ்ந்த பகுதி கலங்காமல் தூணாக நின்றது. உயர்ந்த பகுதியை ஆம்ப்ளிஃபயரின் சக்திக்கு மிஞ்சி முடுக்கியபோது அலைகளின் முகடுகள் தட்டையாகி, கரகரப்பான புதிய மேற்சுரங்கள் தோன்றின. இவற்றோடு, வலக்கை விரல்கள் பலவற்றால் தட்டெழுத்துப் பொறியில் அடிப்பதுபோல் தந்திகளைக் கழுத்தின்மேல் அடித்து வாசிக்கும் முறையையும் அவர் வளர்த்தார்.

இதே காலத்தில் பதிவுக்கூடங்களிலும் இந்தப் போராட்டம் நடந்தது. தாழ்ந்த சுரம் மிகுந்தால் இசைத்தட்டின் பள்ளம் அகன்று முள் துள்ளிவிடும் என்று பொறியாளர்கள் அஞ்சி, அதனை அடக்கியே பதிந்துவந்தனர். 1966இல் பீட்டில்ஸ் குழுவின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாடலுக்காக ஒரு விநோதத்தைச் செய்தார்கள். பால் மெக்கார்ட்னியின் பாஸ் ஒலிக்குமுன் பெரிய ஒலிபெருக்கி ஒன்றை நிறுத்தி, அதன் இணைப்பைத் தலைகீழாக மாற்றி, ஒலிவாங்கியாகப் பயன்படுத்தினார்கள். கேட்பிக்கும் கருவியே கேட்கும் கருவியாயிற்று.

இனி, இந்நாளில் ஓர் இளைஞர் என்ட்விசிலின் நாதத்தைத் தம் அறையில் படைக்க விரும்பினால் என்ன செய்வார்? முதலில் உருண்டைக் கம்பி சுற்றிய எஃகுத் தந்திகளைப் புதிதாக மாட்டுவார். பழகித் தேய்ந்த தந்தியில் அந்தக் கணீரென்ற ஒலி வாராது. பிறகு ஒலியை இரண்டாகப் பிரிப்பார். தாழ்ந்த கிளையைத் தெளிவாக விட்டு, ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்யும் கம்ப்ரசர் கருவியினூடே செலுத்துவார். உயர்ந்த கிளைக்கு மட்டும் கரகரப்பூட்டும் கருவியைச் சேர்த்து, இரண்டையும் மீண்டும் கலப்பார். ஆளுயரப் பெட்டிகள் இன்று வேண்டியதில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயரின் தன்மையைச் சிறுபெட்டியில் அடக்கித் தரும் ‘சான்ஸ்ஆம்ப்’ 1989இலேயே வந்துவிட்டது. இப்போது கணினி நிரலே அப்பணியைச் செய்கிறது. தலையணிக் கேள்விகளை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டார் உறக்கம் கெடாமல் இத்தனையும் செய்யலாம்.

இவ்வளவும் செய்தபின் சிலருக்கு மனநிறைவு உண்டாவதில்லை. தனியே வாசிக்கும்போது ஒலி முரட்டுத்தனமாக, சில வேளைகளில் அருவருப்பாகக்கூடத் தோன்றும். இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. அந்த ஒலி தனியே கேட்பதற்காகப் பிறந்ததன்று. ஒரு பெருங்கிட்டாருக்கும் ஓயாத முரசுக்கும் நடுவே எஞ்சியிருந்த சிறு இடைவெளியில் நுழைவதற்காகப் பிறந்தது. அந்தக் கிட்டாரையும் முரசையும் உடன் ஒலிக்கவிட்டால், முரடாகத் தோன்றியதே பொருத்தமாகிவிடும். ஒருவருடைய கருவிகளை வாங்கிவிடலாம். அக்கருவிகளை அவர் தேடும்படி செய்த இடர்ப்பாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நாதத்தை மீண்டும் படைப்பது என்பது அந்த இடர்ப்பாட்டை மீண்டும் கண்முன் நிறுத்துவதேயாகும்.

பின்பற்றத் தகாத ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. 1976ஆம் ஆண்டு மே 31 அன்று லண்டனின் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் தி ஹூ நடத்திய நிகழ்ச்சி, 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் என்று அளக்கப்பட்டு, உலகிலேயே மிக உரத்த இசை நிகழ்ச்சியாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. அதன் விலை பெரிது. டவுன்செண்டும் என்ட்விசிலும் கேட்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்தனர். தம் சுரம் பிறர்க்குக் கேட்க வேண்டும் என்று போராடிய கலைஞர், 2002இல் மறைவதற்கு முன்னரே தம் செவித்திறனைப் பறிகொடுத்திருந்தார். உரப்பு இல்லாமலே அந்நிறத்தைப் பெற இன்றைய கருவிகள் உதவுகின்றன. அவற்றால் விளைந்த நன்மைகளுள் இதனைத் தலையாயதாக நாம் கொள்ளலாம்.

நம்மவர் இப்போராட்டத்தில் பங்கு கொள்ளாமலில்லை. பீர்மேட்டிற்கு அண்டையிலுள்ள தேவிகுளத்தில் 1958இல் நடந்த இடைத்தேர்தலில், தோட்டத் தொழிலாளரிடையே தமிழ்ப் பாட்டுகளைப் பாடி ஆதரவு திரட்டியவர் பாவலர் வரதராஜன். மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்தவர். அவருடைய குழுவில் இளமையிலேயே இணைந்து ஆர்மோனியத்துடன் ஊர் ஊராகச் சென்ற தம்பியே, 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாகத் திரையுலகம் அறிந்த இளையராஜா. அவருடைய திரையிசையில் பாஸ் கிட்டார் தாளத்தின் நிழலாக மட்டும் நிற்பதில்லை. பாடகரின் மெட்டுக்கு எதிராகத் தனிமெட்டு ஒன்றை நடத்திச் செல்கிறது. என்ட்விசில் மின்னாற்றலாலும் மேற்சுரத்தாலும் பெற்ற இடத்தை, இளையராஜா பெரும்பாலும் எழுத்தால் பெற்றுத் தந்தார்: பிற கருவிகள் ஒதுங்கி வழிவிடும்படி இசைக்குறிப்பை அமைத்து, அந்த இடைவெளியில் தாழ்ந்த சுரத்தை நடக்கவிட்டார். உரத்துப் பேசுவது ஒரு வழி. சபையை அமைதிப்படுத்திவிட்டு மெல்லப் பேசுவது மற்றொரு வழி.

ரேடியோக் குழாய் விழுங்கிவிட்ட அந்த அடித்தளம் இன்று கைப்பேசியோடு இணைத்த செவிக்கருவியில் ஏலப்பாறையிலும் முழுமையாகக் கேட்கிறது. பல்லாண்டுகளாகக் கேட்ட பாடலில் இதுவரை கேளாத ஒரு கருவி இருப்பதை அறிந்து வியப்போர் பலர். அவருள் இளையோர் சிலர் அந்த நாதத்தைத் தாமும் எழுப்ப விழைவர். அவர்க்கு நாம் கூறக்கூடியது ஒன்றே. கருவிப் பட்டியலைத் தேடுமுன், தம் குழுவில் உள்ள பிற வாத்தியங்களை நன்றாகச் செவிமடுக்கட்டும். எங்கே இடைவெளி இருக்கிறது, எந்தச் சுரம் கேளாமற் போகிறது என்று கண்டபின் தந்தியையும் ஆம்ப்ளிஃபயரையும் தேர்ந்துகொள்ளட்டும். அவ்வாறு பெற்ற ஒலி என்ட்விசிலின் ஒலியை அப்படியே ஒத்திராமற் போகலாம். ஹான்வெல் கடையில் பிறந்த ஆம்ப்ளிஃபயரும் பெண்டரை ஒத்திருக்கவில்லை.