கக்கூஸ் கட்டறதுக்கு முன்னாடி குழியைப் பாருங்க

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ‘கொல்லைக்குப் போயிட்டு வரேன்’னா வயல் வேலைக்குன்னு மட்டும் அர்த்தமில்லை. வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்தது சமீபத்துலதான். மத்திய அரசு 1986ல் கிராமப்புற சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது; 2014ல் வந்த தூய்மை இந்தியா திட்டத்தில் வீட்டுக்கு 12,000 ரூபாய் கிடைத்தது. இப்போ ஊர்ல வீடு கட்டறவங்க இந்தியன் டைப்பா, வெஸ்டர்னான்னு கேக்கறாங்க. குழியைப் பத்திக் கேக்கறதில்லை.

செப்டிக் டேங்க் நிரம்பினா யாராவது சுத்தம் பண்ணணும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993ல் வந்தது. விழுப்புரம் தனி மாவட்டமானதும் அதே வருஷம்தான். பாதுகாப்புக் கருவி இல்லாம டேங்க்ல ஆளை இறக்கக் கூடாதுன்னு 2013 சட்டம் சொல்லுது. இருந்தும் விஷவாயு தாக்கி ஆளுங்க சாகறது நிக்கலை.

அதுக்குத்தான் இரட்டைக் குழி. 1970ல் பீகாரில் பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் அமைப்பு பரப்பிய முறை இது. ஒரு குழி நிரம்பினா, மடை மாத்தற மாதிரி அடுத்த குழிக்குத் திருப்பிடலாம். மூடின குழி ரெண்டு வருஷத்துல நாத்தமில்லாத எருவாயிடும். நாமே அள்ளி வயலுக்குப் போடலாம். கிணத்துப் பக்கமும், தண்ணி மேலாக ஊறுற இடமும் மட்டும் இதுக்கு ஆகாது.

டைல்ஸ் கடைக்குப் போறதுக்கு முன்னாடி கொத்தனார்கிட்ட இதைப் பேசிடுங்க.