துறைமுக ஓவியத்தில் சூரியன்: லொரேன் முதல் மோனே வரை

துறைமுக ஓவியம் என்றதும் கண் கப்பலைத் தேடும். இக்கட்டுரை சூரியனைப் பின்தொடர்கிறது. 1648, 1815, 1872 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த மூன்று ஓவியங்களில் அது நீருக்கு மேலே, பார்ப்பவரின் எதிரே நிற்கிறது. அது குறிக்கும் பொருள்தான் மாறிவந்திருக்கிறது.

முதலாவது, ரோமில் வாழ்ந்த கிளாட் லொரேன் தீட்டிய சேபா அரசியின் புறப்பாடு. விவிலியத்தில் முதலாம் இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தில் அவள் ஒட்டகங்களோடு சாலொமோனிடம் வந்து சேருகிறாள். கப்பல் ஏறியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. லொரேன் அவளைத் துறைமுகப் படிக்கட்டில் மிகச் சிறிய உருவமாக நிறுத்துகிறார். இடப்புறம் சிதைந்த தூண், வலப்புறம் மாளிகை. நடுவே நீர்ப்பாதை சூரியன்வரை நீள்கிறது. அவள் தேடிப்போகும் ஞானத்தின் திசையை அந்த ஒளி காட்டுகிறது என்பது என் வாசிப்பு. பாலைவனப் பயணத்தைக் கடற்பயணமாக மாற்றியதற்கு வேறு தகுந்த காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஓவியத்தை ஆங்கில ஓவியர் டர்னர் தன் ஆசானாகவே கொண்டார். 1815இல் அவர் காட்சிக்கு வைத்த ‘டைடோ கார்த்தேஜை எழுப்புகிறாள்’ ஓவியத்தில் லொரேனின் அமைப்பு அப்படியே தெரிகிறது. ஆனால் சூரியன் இப்போது ஒரு பேரரசின் உதயம். ஒருபுறம் டைடோவின் கொலையுண்ட கணவன் சிக்கேயஸின் கல்லறை. எதிர்ப்புறம் பொம்மைப் படகை நீரில் விட்டு விளையாடும் சிறுவர்கள். வருங்காலக் கடற்படை அந்தப் பிள்ளைகளின் கையில் மிதக்கிறது. இரண்டே ஆண்டுகளில், 1817இல், கார்த்தேஜின் வீழ்ச்சியையும் டர்னர் வரைந்தார். அங்கே சூரியன் மறைகிறது. நெப்போலியப் போர் முடிந்த அந்த நாட்களில் இங்கிலாந்து தன் எதிர்காலத்தையே அதில் கண்டிருக்கக்கூடும். டைடோ ஓவியம் லொரேனின் ஓவியத்துக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும் என்று உயில் எழுதிவிட்டு 1851இல் அவர் இறந்தார். லண்டன் தேசிய ஓவியக் கூடம் அந்த விருப்பத்தை நிறைவேற்றியது.

1870இல் பிரஷ்யப் போரின்போது லண்டனுக்கு வந்த கிளாட் மோனே டர்னரின் ஓவியங்களைப் பார்த்தார். 1872இல், தான் வளர்ந்த லெ ஆவ்ர் துறைமுகத்தை வரைந்தார். அதை அந்த ஊரின் காட்சி என்று சொல்ல முடியாது என்பதால் பட்டியலில் ‘மனப்பதிவு’ என்று போடச் சொன்னதாக அவரே பின்னாளில் கூறினார். 1874இல் பாரிஸில் காட்சிக்கு வந்தபோது எழுந்த கேலி, ஓர் ஓவிய இயக்கத்துக்கே பெயராயிற்று.

இதோடு துறைமுக ஓவியத்தில் குறியீடு ஒழிந்தது, எஞ்சியது வெறும் ஒளி என்று கூறுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசியும் கல்லறையும் இருந்த இடத்தில் இங்கே பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் பாய்மரங்களும் நிற்கின்றன. 1871இல் தோற்ற பிரான்ஸ் உழைத்து மீண்டெழுவதை இந்த ஓவியம் சொல்கிறது என்று கலை வரலாற்றாசிரியர் பால் டக்கர் வாதிட்டார். அந்த வாதத்துக்கு இன்னொரு துறையிலிருந்தும் துணை கிடைக்கிறது. மோனேயின் செஞ்சூரியனுக்கும் அதைச் சூழ்ந்த மேகத்துக்கும் வெளிச்ச அளவு ஏறத்தாழ ஒன்றே என்று நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் காட்டியிருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படியில் அந்தச் சூரியன் வானத்தோடு கரைந்துபோகிறது. படகுகளும் பாரந்தூக்கிகளும் அங்கேயே நிற்கின்றன.