கட்டி முடிக்கறதுக்குள்ள காலம் மாறின கப்பல்

புத்தம் புதுப் போர்க்கப்பலை ஜெர்மனி கட்டின இடத்துக்கே திருப்பி அனுப்பின கதை இது. பேரு பாடன்-வூர்ட்டம்பெர்க். எஃப்125 வகை ஃபிரிகேட்டுகள்ல முதல் கப்பல்.

2007-ல மொத்தம் நாலு கப்பலுக்கு ஆர்டர் கொடுத்தாங்க. அப்போ பெரிய கடற்போர் வரும்னு யாரும் நினைக்கல. கடற்கொள்ளையரைத் துரத்தணும், தூரக் கடல்ல மாசக்கணக்கா காவல் நிக்கணும், அவ்வளவுதான். அதனால எடை 7,000 டன்னுக்கு மேல இருந்தாலும், ஓட்டறதுக்குச் சுமார் 120 பேர் போதும். ரெண்டு வருஷம் கப்பல் ஊர் திரும்ப வேண்டாம். ஆட்கள் மட்டும் மாறிக்கலாம்.

சோதனை ஓட்டத்துல மென்பொருள், வன்பொருள் ரெண்டுலயும் கோளாறு. கப்பல் லேசா வலப்பக்கம் சாய்ஞ்சு வேற நின்னுச்சு. எல்லாத்தையும் சரிபண்ணி, 2019 ஜூன்லதான் சேவையில சேர்த்தாங்க.

2024-ல இந்தோ-பசிபிக் போயிட்டுத் திரும்பும்போது, செங்கடல்ல ஹூதிகளோட ஏவுகணையும் ட்ரோனும் பறந்துட்டு இருந்துச்சு. இந்தக் கப்பல்ல இருந்ததோ பக்கத்துல வர்றதை மட்டும் அடிக்கிற ராம் ஏவுகணைகள். தூரத்துலயே மறிக்க எதுவும் இல்ல. கடைசியில ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டு ஊர் போய்ச் சேர்ந்துச்சு.

மென்பொருள் கோளாறை யார்டுல திருத்திட்டாங்க. 2007-ல எழுதின ரிக்வயர்மென்ட்டை எந்த யார்டுல திருத்துறது? வான் பாதுகாப்புக்குன்னே இப்போ எஃப்127-னு புதுசா ஒரு கப்பலுக்குத் திட்டம் போட்டுட்டு இருக்காங்க.