உதைமுரசும் ஒலிவாங்கியும்

டிரம் தொகுதியில் காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் பெரிய முரசைப் பேஸ் டிரம் என்றும் கிக் டிரம் என்றும் அழைப்பர். இன்றைய வெகுசனப் பாடல்கள் பலவற்றில் நம் நெஞ்சில் வந்து மோதுவது அதன் ஒலியே. ஆயினும் ஒலிப்பதிவின் முதல் அரை நூற்றாண்டில் இக்கருவி, இசைக்குழுவில் இருந்தும் இசைத்தட்டில் அரைகுறையாகவே கேட்டது.

1925க்கு முன் மின்சாரப் பதிவு பரவலான வழக்கத்தில் இல்லை. கூம்புக்குழாயின் முன் நின்று வாசித்தார்கள். முரசின் அதிர்வில் பதிவூசி தடம் பிறழும் என்ற அச்சம் இருந்தது. 1923இல் கிங் ஆலிவர் குழுவின் பதிவுகளில் பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டையைத் தட்டித் தாளம் காத்தார். மைக் வந்த பிறகும், மேலே தொங்கிய ஒன்றிரண்டு மைக்குகளே டிரம் முழுவதையும் தொலைவிலிருந்து கேட்டன.

லண்டன் அபே ரோட்டிலிருந்த இஎம்ஐ ஒலிக்கூடத்தில் இத்தொலைவு ஒரு விதியாகவே இருந்தது. முரசிலிருந்து சுமார் 2 அடிக்குள் மைக்கைக் கொண்டுவரக் கூடாது. இதை வெறும் அலுவலகப் பிடிவாதம் என்று நகைப்பது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிரம்முக்கு மேலே அவர்கள் தொங்கவிட்ட எஸ்டிசி 4038, மிக மெல்லிய அலுமினிய நாடா அதிர்வதால் இயங்குவது. உதைமுரசு வெளித்தள்ளும் காற்று அந்நாடாவைக் கெடுத்துவிடக்கூடும்.

1966 ஏப்ரல் 6 அன்று பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' பதிவு தொடங்கியது. பொறுப்பேற்ற ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. அவர் தேர்ந்தது வியன்னாவின் ஏகேஜி நிறுவனத்து டி20 மைக். அதை விதி அனுமதித்ததைவிட வெகு அருகில் வைத்தார். நால்வரும் ஒன்றாக அணியத்தக்க, நான்கு கழுத்துகள் கொண்ட ஒரு கம்பளிச் சட்டையை முரசுக்குள் திணித்தார். நீண்டு முழங்கிய ஒலி குறுகி, ஓர் அடியாக இறுகியது. பின்னர் அதை ஃபேர்சைல்ட் 660 லிமிட்டர் வழியே செலுத்தினார். இதற்காகத் தாம் கண்டிக்கப்பட்டதையும், பிறகு பீட்டில்ஸ் பதிவுகளுக்கு மட்டும் எழுத்தில் அனுமதி வந்ததையும் எமெரிக்கே சொல்லியிருக்கிறார். விதியை நீக்காமல் விலக்கு மட்டும் அளிப்பது எல்லா நிர்வாகங்களுக்கும் கைவந்த கலை போலும்!

டி20 ஏன் பொருந்தியது? அது டைனமிக் வகை: காந்தப்புலத்துள் கம்பிச்சுருள் அசைந்து மின்னோட்டம் உண்டாக்குவது, ஆகவே வலுவானது. இத்தகைய ஒருதிசை மைக்குகளை ஒலிமூலத்துக்கு அருகே கொண்டுசெல்லும்போது தாழ்ந்த சுரங்கள் இயல்பாகவே பெருகும். பேச்சுப் பதிவில் குறையெனப்படும் இப்பண்பு, முரசுக்கு வரமாயிற்று.

பின்னர் வந்த தேர்வுகளும் இப்படித்தான். 1968இல் வெளிவந்த எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 வானொலி அறிவிப்பாளர்களின் மைக் என்றே பெயர்பெற்றது. அதுவும் முரசின் முன் வந்து சேர்ந்தது. சில பதிவாளர்கள் இரண்டு மைக் வைப்பதுண்டு: உள்ளே ஒன்று, அடிக்கட்டை தோலில் படும் 'டக்' ஒலிக்கு, வெளியே ஒன்று, முழக்கத்துக்கு. 1980களில் ஏகேஜி வெளியிட்ட முட்டை வடிவ டி112, ஆழத்தையும் அந்த 'டக்' ஒலியையும் தானே தூக்கிக் காட்டும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. எமெரிக்கின் காலத்தில் இடம் பார்த்து நகர்த்தித் தேடிய ஒலியில் ஒரு பகுதி, இப்போது பெட்டியிலேயே அடைத்து விற்பனைக்கு வந்தது.