காயலான் கடையில் பிறந்த ஆமைகள்

ரோபோ செய்யறது எப்படின்னு கேட்டா, இப்ப எல்லாரும் முதல்ல ஒரு போர்டு வாங்கு, அப்புறம் புரோகிராம் எழுதுன்னு ஆரம்பிக்கிறாங்க. நான் வேற கட்சி. செத்துப்போன டேப் ரெக்கார்டர்ல கழற்றின மோட்டார், கொஞ்சம் பசை, நாலஞ்சு உதிரி பாகம். அவ்வளவுதான், மூளையே கிடையாது. இது சோம்பேறிங்க கண்டுபிடிச்ச வழின்னு நினைக்கிறவங்களுக்காக எங்க கட்சியோட பூர்வீகத்தைச் சொல்லிடறேன் :-)

இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரம். அங்கே பர்டன் நரம்பியல் ஆய்வகத்துல கிரே வால்டர்னு ஒருத்தர் இருந்தார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யறது அவர் வேலை. மண்டையைத் திறக்காமலே, அந்த அலைகளை வச்சு மூளைக்கட்டி எங்கே இருக்குன்னு சொல்லலாம்னு 1936லேயே காட்டினவர். அவருக்கு ஒரு சந்தேகம். உயிர்கள் இவ்வளவு சிக்கலா நடந்துக்கறது மூளையில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கறதாலயா, இல்ல அந்த செல்கள் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கிற விதத்தாலயா? ரெண்டாவதுதான் காரணம்னா ரெண்டே செல் வச்சுக்கூட கொஞ்சம் வித்தை காட்ட முடியணுமே!

1948-49ல் செஞ்சே பார்த்துட்டார். ரெண்டு வால்வு, ரெண்டு ரிலே, ரெண்டு மோட்டார். வெளிச்சம் பார்க்க ஒரு போட்டோசெல், எதுலயாவது இடிச்சா தெரிஞ்சுக்க ஒரு சுவிட்ச். பல்சக்கரங்கள் மட்டும் பழைய கடிகாரத்துலயும் கேஸ் மீட்டர்லயும் கழற்றினது. மூணு சக்கரம், மேல ஒரு ஓடு. எல்மர், எல்சின்னு பேரு வச்சார். பார்க்க ஆமை மாதிரி இருக்கும்.

இனிமேதான் மேட்டரே. முன்சக்கரத்தோட சேர்ந்து போட்டோசெல்லும் சுத்திக்கிட்டே இருக்கும். அதனால ஆமை வளைஞ்சு வளைஞ்சு போகும். வெளிச்சம் கண்ணுல பட்டா சுத்தறது நின்னு அதை நோக்கி நடக்கும். ரொம்பக் கிட்டப் போய் வெளிச்சம் அதிகமானா விலகிடும். ஆனா பேட்டரி இறங்கிடுச்சுன்னா அதே பிரகாசம் உறுத்தாது, நேரா உள்ளே போயிடும். வால்டர் கில்லாடி. அந்தப் பிரகாசமான விளக்கை சார்ஜ் ஏத்தற கூண்டுக்குள்ள வச்சிருந்தார். பசிச்சா தானே வீட்டுக்கு வர்ற ஆமை! இதுல ஒரு வரி புரோகிராம் கிடையாது மக்களே.

கண்ணாடி கதை இன்னும் அருமை. சுத்தும்போது மட்டும் எரியற ஒரு சின்ன பல்பு அது மேல இருந்தது. கண்ணாடி முன்னாடி போனா தன் வெளிச்சத்தைத் தானே பார்த்து சுத்தறதை நிறுத்தும். உடனே பல்பு அணையும். வெளிச்சம் காணோமேன்னு மறுபடி சுத்தும், பல்பு எரியும். இப்படியே ஒரு ஆட்டம். ஒரு மிருகம் இப்படி செஞ்சா அதுக்குத் தன்னைத் தெரியுதுன்னு சொல்லிடுவோம் இல்லையா? வால்டரும் அதைத்தான் கேட்டார்.

1951ல் லண்டன் 'பிரிட்டன் திருவிழா'வுல இந்த ஆமைகளைக் கண்காட்சியா வச்சாங்க. 1953ல் அவர் எழுதின 'தி லிவிங் பிரெயின்' புத்தகம் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துப் பையன் ஒருத்தன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்டு, 'நார்மன்'னு ஒரு ஆமை செஞ்சான். அந்தப் பையன்தான் பின்னால எம்.ஐ.டி.யில் பெரிய பேர் வாங்கின ரோட்னி புரூக்ஸ்.

1989ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல புரூக்ஸ் பேசினதைக் கேட்டவர் மார்க் டில்டன். இவர் இன்னும் ஒரு படி இறங்கினார். கம்ப்யூட்டர் சிப்பே வேண்டாம். கால்குலேட்டர்ல வர்ற மாதிரி ஒரு குட்டி சோலார் தகடு மெதுவா கெப்பாசிட்டரை நிரப்பும். ஒரு அளவுக்கு வந்ததும் ரெண்டு டிரான்சிஸ்டர் கதவைத் திறந்துவிட்ட மாதிரி மொத்தத்தையும் மோட்டாருக்குக் கொட்டும். பூச்சி ஒரு துள்ளு துள்ளும், மறுபடி காத்திருக்கும். மோட்டாரைச் சாய்வா ஒட்டிட்டா அதோட தண்டே சக்கரம், தனியா கியர் வேண்டாம். பாகங்களோட கம்பிகளையே வளைச்சு சால்டர் பண்ணினா அதுதான் எலும்புக்கூடு. இந்த வகைக்கு 'பீம்'னு பேரு. அசிமோவ் சொன்ன மூணு விதியையும் டில்டன் புரட்டிப் போட்டார். ரோபோ முதல்ல தன் உயிரைக் காப்பாத்திக்கணும், தனக்கான மின்சாரத்தைத் தேடிக்கணும், அப்புறம் அதைவிட நல்ல மின்சாரத்தைத் தேடிக்கிட்டே இருக்கணும். மனுஷனைப் பத்திப் பேச்சே இல்ல! (2004ல் கடைக்கு வந்த ரோபோசேப்பியன் பொம்மையும் இவர் செஞ்சதுதான்.)

இந்த வரலாற்றை எழுதறவங்க தத்துவத்தைத்தான் பெருசா பேசுவாங்க. எனக்குக் குப்பைதான் பெருசா தெரியுது. வால்டர் காலத்துக்கு கேஸ் மீட்டர், டில்டன் காலத்துக்கு வாக்மேன். அந்தந்தக் காலம் தூக்கிப்போட்டதுல இருந்துதான் அந்தந்தக் கால ஆமை பிறந்தது. அதனாலதான் இப்ப கொஞ்சம் பயமா இருக்கு. பழைய செல்போன்ல உதறல் மோட்டார்னு ஒண்ணு இருந்தது, ரெண்டு வயர்ல பேட்டரியை வச்சா சுத்தும். இப்ப பல போன்ல சுத்தாம, முன்னும் பின்னும் மட்டும் அதிர்ற சமாச்சாரம்தான் வருது. அதுவும் பேட்டரியை நேரா வச்சா வேலை செய்யாது. மூடியைத் திறக்கவே முடியாதபடி பசை வேற போட்டு ஒட்டிடறாங்க. நம்ம பசையை நமக்கே எதிரா திருப்பிட்டாங்க :-(

போன வாரம் ஒரு பழைய டிவிடி டிரைவைப் பிரிச்சேன். தட்டைச் சுத்தற மோட்டார் தேறல, அதுக்குத் தனி சர்க்யூட் வேணும். ஆனா டிரேயை வெளியே தள்ளற மோட்டார் ரெண்டு வயர்தான், ஒன்றரை வோல்ட் பேட்டரிக்கே சுத்துது. மோட்டார் உடம்பை உப்புத்தாளால தேய்ச்சுட்டு ஒட்டினா நல்லா பிடிக்கும், ஆனா தண்டுப் பக்கம் ஒரு சொட்டு ஃபெவிக்விக் போனாலும் கதை முடிஞ்சது. இன்னொரு டிரைவ் கிடைச்சா ஜோடி சேர்ந்துடும்.