ஸ்லொட்டுக்குள் ஒரு சொக்கற்

2003இல் போர்கோ வெக்கியோவில் நாங்கள் நாலு பேர் இருந்த அறையில் ஒரு கொம்பியூட்டர். பென்ரியம் 2, 233 மெகாஹேர்ட்ஸ். வீட்டுவேலைக்குப் போன அண்ணை ஒருவருக்கு அந்த வீட்டுக்காரர் கழித்துக் கொடுத்தது. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபிறகு ஊருக்குப் போய் வந்தவர்கள் வலைப்பதிவுகளில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். எங்களுடைய வின்டோஸ் 98இல் அந்த யூனிக்கோட் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. எக்ஸ்பி போட்டால் எழுத்து வரும். ஆனால் எக்ஸ்பி கேட்ட ஆகக்குறைந்த வேகமே 233.

புது மெசின் வாங்கக் காசில்லை. அப்போதுதான் 'ஸ்லொக்கற்' என்ற சாமான் கைக்கு வந்தது.

இதற்கொரு கதை இருக்கிறது. 1997இல் இன்ரெல் பென்ரியம் 2ஐ நீளமான கார்ட்றிஜ் ஆக்கி, 'ஸ்லொட் 1' என்ற பிளவில் செருக வைத்தது. 512 கிலோபைற் கேச் நினைவகம் தனிச் சில்லுகளாக இருந்ததால், அதையும் புரோசசரையும் ஒரே பலகையில் வைக்கவேண்டி வந்தது. அடுத்த வருடமே, செலரோன் 300ஏயில் 128 கிலோபைற் கேச் புரோசசருக்குள்ளேயே போய்விட்டது. பிறகு கார்ட்றிஜ் எதற்கு? 1999இல் 370 ஊசி கொண்ட சொக்கற் வந்தது. ஸ்லொட் மதர்போர்ட் வாங்கினவன் பாடுதான் திண்டாட்டம்.

அந்த இடைவெளியை ஏசுஸ், அபிற், எம்எஸ்ஐ போன்ற தைவான் கம்பனிகள் நிரப்பின. ஒருபக்கம் சொக்கற், கீழே ஸ்லொட்டுக்குள் போகும் விளிம்பு, இரண்டு மூன்று ஜம்பர். அவ்வளவுதான் ஸ்லொக்கற்.

எல்லாப் புரோசசருக்கும் இது சரிவராது. 1999 கடைசியில் வந்த கொப்பர்மைன் பென்ரியம் 3க்கு 1.6 வோல்ற் அளவில் வேணும். பழைய போர்ட்கள் பல 1.8க்குக் கீழே இறங்காது. ஊசிகளின் வேலையும் மாறியிருந்தது. பவர்லீப் என்ற கம்பனி அடப்ரரிலேயே மின்னழுத்தச் சீராக்கியை வைத்து விற்றது, ஆனால் விலை எங்களுக்கு எட்டாது. நான் எடுத்தது பழைய செலரோன் 500. 2 வோல்ற், 66 மெகாஹேர்ட்ஸ் பஸ், எங்கள் போர்டுக்குப் பொருத்தம்.

முதல்நாள் திரை கறுப்பு. கார்ட் முழுதாக இறங்கவில்லை. "தம்பி, உடைச்சுப் போடாதை" என்று அண்ணை சொல்லச் சொல்ல அழுத்தினேன். 500 என்று காட்டியது.

எக்ஸ்பி ஏறி முடிய விடிந்துவிட்டது. அண்ணை வேலைக்குப் போகாமல் நின்று, கிளிநொச்சியைப் பற்றி யாரோ எழுதியதை வாய்விட்டு வாசித்தார்.